இருபதாவது பெயர்

(முன்னாள் மாணவர் சந்திப்பின் காலை அமர்வில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



சங்கச் செயலாளர் போன் பண்ணி, "அண்ணே, இந்த வருஷம் நீங்க பேசணும். தலைப்பு, புதிய தொழிலாளர் சட்டங்களும் முதலாளிகளின் கடமையும்" என்றார். நான் வக்கீல் இல்லையே தம்பி என்றேன். "அதனாலதாங்கண்ணே உங்களைக் கூப்பிடறோம். வக்கீல் பேசினா பாதிப் பேர் காபி குடிக்கப் போயிடுவாங்க" என்றார். ஆகவே நான் சட்டம் படித்தவனாக இங்கே நிற்கவில்லை. சட்டத்தைத் தட்டிக் கழித்து, அதனால் அடிபட்டு, பிறகு புத்தி தெளிந்த ஒரு சிறு தொழில்காரனாக நிற்கிறேன்.

1981இல் இதே கட்டடத்தின் மாடி அறையில் பி.காம். கடைசி வருடம் படித்தேன். வணிகச் சட்டம் எடுத்த ஐயா, 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டத்தை நோட்ஸாகச் சொல்லிக்கொண்டே போவார். நாங்கள் தலை நிமிராமல் எழுதுவோம். வருங்கால வைப்பு நிதி என்றால் எங்களுக்கு ஐந்து மார்க் சிறு குறிப்பு, அவ்வளவுதான். அந்த ஐந்து மார்க்குக்குப் பின்னால் ஒரு குடும்பம் இருக்கிறது என்று எனக்குத் தெரிய இருபது வருடத்துக்கு மேல் ஆனது.

அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். சட்டம் பிறகு.

1989இல் கணபதிப் பக்கம் ஒரு ஷெட் வாடகைக்குப் பிடித்து, இரண்டு பழைய லேத், ஒரு டிரில்லிங் மெஷினோடு பட்டறை ஆரம்பித்தேன். பம்ப் கம்பெனிகளுக்கு உதிரி பாகம், ஜாப் ஒர்க். முதலில் ஆறு பேர். பிறகு பத்தானது, பவர் ஓடும் பட்டறை என்பதால் அப்போதே ஈ.எஸ்.ஐ.க்குள் வந்துவிட்டோம். 1997 வாக்கில் 22 பேர் ஆகிவிட்டார்கள். பி.எஃப். சட்டம் 20 பேரில் பிடிக்கும். அப்போது தொழிலில் பழம் தின்று கொட்டை போட்ட ஒரு பெரியவர் எனக்கு உபதேசம் செய்தார்: "தம்பி, மஸ்டரில் 19க்கு மேல் போகாதே. மீதி ஆளுக்கு வவுச்சர் போட்டுடு." அவர் கெட்டவர் இல்லை. எங்கள் தெருவே அப்படித்தான் நடந்தது. சிலர் பட்டறையை இரண்டாகப் பிரித்து ஒன்றைச் சம்சாரம் பேரில் வைத்திருந்தார்கள். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. மூன்று பேரை மஸ்டருக்கு வெளியே வைத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் கையில் சம்பளம். வவுச்சரில் "கூலி" என்று ஒரே வார்த்தை.

அந்த மூவரில் ஒருவர் டிரில்லிங் மெஷினில் நின்றவர். என்னிடம் ஒன்பது வருடம். லீவே போடமாட்டார். 2002இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நெஞ்சு வலி என்றார். ஆஸ்பத்திரி வாசலிலேயே போய்விட்டார். வயது 41. இரண்டு பிள்ளைகள். காரியம் முடிந்து அவர் சம்சாரம் பட்டறைக்கு வந்தார். நான் 25,000 ரூபாயைக் கவரில் போட்டுத் தயாராக வைத்திருந்தேன். பெரிய மனது என்று எனக்கே ஒரு நினைப்பு. அந்த அம்மா கவரை வாங்கவில்லை. கேட்டது இதுதான்:

"ஏனுங்கண்ணா, எங்க பக்கத்து வூட்டு மில்லுக்காரரு போனதும் அவரு சம்சாரத்துக்கு மாசாமாசம் பென்ஷன் வருதுங்க. எங்கூட்டுக்காரரு பேரும் உங்க புஸ்தகத்துல எங்கயாச்சும் எழுதியிருக்குதுங்களா?"

எங்கேயும் இல்லை. ஒன்பது வருடம் ஒரு மனிதன் என் பட்டறையில் நின்றான். அவன் நின்றதற்கு என் கையால் எழுதிய ஒரு வரி கிடையாது. ஈ.எஸ்.ஐ. அட்டையும் இல்லை, பி.எஃப்.பும் இல்லை.

அன்றைக்கு ராத்திரி சட்டப் புத்தகத்தை நிஜமாகப் படித்தேன். 1995 நவம்பரில் வந்த ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில், வேலையில் இருக்கும்போது உறுப்பினர் இறந்தால், ஒரே ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலும் மனைவிக்குப் பென்ஷன் உண்டு. 25 வயது வரை இரண்டு பிள்ளைகளுக்கும் உண்டு. 1976இலிருந்து பி.எஃப்.போடு சேர்ந்த காப்பீட்டுத் தொகை தனி. ஆக, நான் மிச்சம் பிடித்தது என் பங்கு 12 சதவீதத்தை அல்ல. ஒரு விதவையின் மாதாந்திரச் சோற்றை.

இன்னொன்றும் தெரிந்தது. சட்டம் மஸ்டரில் உள்ள தலையை எண்ணுவதில்லை, பட்டறையில் நிற்கும் தலையை எண்ணுகிறது. வவுச்சர் ஆள், கான்ட்ராக்டர் ஆள் எல்லாம் கணக்குதான். ஒரு முறை 20 ஆகிவிட்டால், பிறகு 15 ஆகக் குறைந்தாலும் சட்டம் போகாது. என் 19 கணக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்ட கதை.

மறு வாரம் நானே பி.எஃப். அலுவலகம் போனேன். விசாரணை நடந்தது. 1997லிருந்து பாக்கி, வட்டி, தாமதத்துக்கான அபராதம். ஒரு புது லேத் வாங்க வைத்திருந்த பணம் அதிலேயே போயிற்று. ஆனால் பெரிய சிக்கல் வேறு. அதிகாரி கேட்டார்: "இறந்தவர் உங்ககிட்ட வேலை செஞ்சார்ங்கிறதுக்கு என்ன ஆதாரம்? வவுச்சர்ல பேரே இல்லையே?" பாக்கியைக் கட்டத் தயாராக நிற்கிறேன்; ஆள் இருந்தான் என்று நிரூபிக்க முடியவில்லை! கடைசியில் உதவியது என் சம்சாரத்தின் கோடு போட்ட நோட்டு. தீபாவளிக்கு யார் யாருக்கு வேட்டி, இனிப்பு, எவ்வளவு பணம் என்று வருஷா வருஷம் தேதி போட்டு எழுதி, கையெழுத்தும் வாங்கி வைத்திருந்தார். அதில் அவர் பெயர் ஒன்பது தீபாவளிக்கும் இருந்தது. மற்ற தொழிலாளிகளும் வந்து சாட்சி சொன்னார்கள். ஏறக்குறைய இரண்டு வருடம் அலைந்து பென்ஷன் வந்தது. பெரிய தொகை இல்லை. ஆனால் மாதம் தவறாமல் வருகிறது.

வணிகவியல் பட்டதாரி நான். என் கணக்குப் புத்தகத்தில் இல்லாத உண்மை, எட்டாவது படித்த என் மனைவியின் இனிப்பு லிஸ்டில் இருந்தது.

சரி, இனிச் சட்டத்துக்கு வருகிறேன். நம் ஐயா நோட்ஸ் சொன்ன சட்டங்களில் பலவும் இப்போது பழைய பெயரில் இல்லை. 29 மத்தியச் சட்டங்களை நான்கு தொகுப்புகளாக ஆக்கினார்கள். ஊதியத் தொகுப்பு 2019. தொழில் உறவு, சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பும் சுகாதாரமும் ஆகிய மூன்றும் 2020. ஐந்து வருடம் போல அப்படியே கிடந்து, 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்தன. விதிகளும் படிவங்களும் மத்திய அரசு ஒரு பக்கம், மாநில அரசு ஒரு பக்கம் என்று போடுவது. ஆகவே உங்கள் ஆடிட்டர் "பழையபடியே போகலாம் சார்" என்றால், எந்த விதிப்படி என்று கேளுங்கள்.

நான்கு தொகுப்பையும் இங்கே ஒப்பிக்கப் போவதில்லை. என் அனுபவத்தில் முதலாளி தடுக்கி விழும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, பெயர். பணி நியமனக் கடிதம் கொடுத்தே தீரவேண்டும் என்று இப்போது சட்டத்திலேயே வந்துவிட்டது. "நம்ம ஆள்தானே, கடிதம் எதுக்கு?" என்ற பேச்சுக்கு இடமில்லை. சம்பளச் சீட்டும் அப்படியே. இது தொழிலாளிக்கு மட்டும் லாபம் என்று நினைக்காதீர்கள். சம்பளம் வரவில்லை, போனஸ் வரவில்லை என்று ஒருவர் மனு போட்டால், கொடுத்தேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது என்று ஊதியத் தொகுப்பு சொல்கிறது. மனு போட மூன்று வருட அவகாசமும் இருக்கிறது. கையில் புத்தகம் இல்லாதவன் அங்கே என்னத்தைக் காட்டுவான்? தீபாவளி லிஸ்ட் எல்லோர் வீட்டிலும் இருக்காது.

இரண்டாவது, சம்பளம் என்றால் எது? நம்மில் பலர் செய்த வேலை இது: 24,000 சம்பளத்தில் அடிப்படைச் சம்பளம் 8,000 என்று காட்டிவிட்டு, மீதி 16,000த்தை வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி, சலவைப்படி என்று பிரித்துவிடுவது. பி.எஃப். குறையும், கிராஜுவிட்டி குறையும். எல்லாருக்கும் ஒரே மாதிரி தரும் படியும் பி.எஃப். கணக்கில் சேரும் என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரி 28ஆம் தேதியே ஒரு தீர்ப்பில் சொல்லிவிட்டது. இப்போது தொகுப்புகள் இன்னும் தெளிவாகக் கணக்குப் போட்டுவிட்டன. விலக்கு பெறும் படிகள் எல்லாம் சேர்ந்து மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால், அந்த அதிகப்படி சம்பளமாகவே கருதப்படும்.

நம் உதாரணத்தில் பாதி 12,000. படிகள் 16,000. அதிகப்படி 4,000. ஆக, சட்டப்படி சம்பளம் 8,000 அல்ல, 12,000. பத்து வருடம் வேலை செய்தவருக்குக் கிராஜுவிட்டி போடுவோம். வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் கணக்கு. 8,000க்கு 46,154 ரூபாய் வரும். 12,000க்கு 69,231 ரூபாய். வித்தியாசம் 23,077. ஒரு ஆளுக்கு இது. நூறு பேர் இருந்தால் இப்போதே ஒதுக்கி வையுங்கள். ரிடையர் ஆகும் வருடத்தில் தேடாதீர்கள்.

கிராஜுவிட்டி என்றதும் ஐந்து வருடம் என்று நாம் மனப்பாடம் செய்தது ஞாபகம் இருக்கிறதா? நிரந்தர ஊழியருக்கு அது இன்னும் உண்டு. ஆனால் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் ஒப்பந்தம் போட்டு எடுக்கும் ஊழியருக்கு ஐந்து வருடம் நிறைய வேண்டியதில்லை. ஒரு வருட ஒப்பந்தம் முடிந்தாலும் விகிதப்படி கொடுக்கவேண்டும். நாலே முக்கால் வருடத்தில் அனுப்பிவிட்டுத் திரும்ப எடுக்கும் வித்தை அங்கே பலிக்காது.

மூன்றாவது, தேதி. வேலையை விட்டுப் போனாலும் நீக்கினாலும் இரண்டு வேலை நாளுக்குள் அவருக்குச் சேரவேண்டிய சம்பளத்தைத் தீர்க்கவேண்டும். "அடுத்த மாசம் வாங்க, செட்டில்மென்ட் பாக்கலாம்" என்பது நம் ஊர்ப் பழக்கம். அது போய்விட்டது.

பி.எஃப். சலானுக்குத் தேதி, அடுத்த மாதம் 15. இதில் இங்கே இருக்கும் ஆடிட்டர் நண்பர்களுக்குத் தெரிந்த ஒன்றை மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தொழிலாளி சம்பளத்தில் நாம் பிடித்த பணம் நம் பணம் அல்ல. அவருக்காக நம் கையில் இருக்கும் பணம். அதைக் கெடு தேதி தாண்டிக் கட்டினால் வருமான வரிக் கணக்கில் செலவாக எடுக்க முடியாது என்று 2022 அக்டோபர் 12இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ரிட்டர்ன் போடுவதற்கு முன் கட்டிவிட்டேனே என்ற வாதத்தை ஏற்கவில்லை. அந்தத் தீர்ப்புப்படி, ஒரு நாள் தாமதம் என்றாலும் அந்தத் தொகைக்கு வரி விழுந்தது. பாங்கில் ஓ.டி. நிறைந்துவிட்டது, பார்ட்டி பணம் தரவில்லை என்று பி.எஃப். பணத்தை எடுத்துச் சுழற்றியவர்களில் நானும் ஒருவன். அது கடன் அல்ல நண்பர்களே. கேட்காமல் எடுத்தது.

நான்காவது, பெண்கள். பத்துப் பேர் வேலை செய்யும் இடமானால், பாலியல் தொல்லை பற்றிய புகாரை விசாரிக்க உள் குழு வைத்தாகவேண்டும். 2013ஆம் வருடச் சட்டம். அந்தக் குழுவின் தலைவர் பெண்ணாக இருக்கவேண்டும், வெளியாள் ஒருவரும் வேண்டும். போர்டில் நாலு பெயர் எழுதி மாட்டுவதோடு முடியாது. அந்தப் பெயர் எதற்கு என்று அங்கே வேலை செய்யும் பெண்ணுக்குத் தெரியவேண்டும். பேறுகால விடுப்பு 2017இல் 26 வாரம் ஆனது. 50 பேர் இருந்தால் குழந்தைக் காப்பகம்.

ஜவுளிக்கடை வைத்திருக்கும் நண்பர்கள் முன் வரிசையில் இருக்கிறீர்கள். 2021இல் நம் மாநிலக் கடைகள் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது: வேலை செய்பவர் உட்கார இருக்கை தரவேண்டும். கேரளம் இதை நமக்கு முன்பே கொண்டுவந்தது. ஸ்டூல் விலை எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல ஒரு சட்டம் வேண்டியிருந்ததே என்பதுதான் நாம் யோசிக்க வேண்டியது.

ஐந்தாவது, இன்ஸ்பெக்டர். அவரை நினைத்தாலே நமக்கு வயிற்றைக் கலக்கும். இப்போது அவர் பதவியின் பெயரே ஆய்வாளரும் உதவியாளரும் என்று மாறியிருக்கிறது. ஊதியத் தொகுப்பில், சில தவறுகளுக்கு முதல் முறை எழுத்தில் சொல்லித் திருத்திக்கொள்ள அவகாசம் கொடுக்கவேண்டும். அதற்குள் சரிசெய்துவிட்டால் வழக்கு இல்லை. அதே தவறு ஐந்து வருடத்துக்குள் மறுபடி நடந்தால் அந்தச் சலுகை இல்லை. சேரவேண்டியதைக் குறைத்துக் கொடுத்தால் 50,000 வரை அபராதம். ஐந்து வருடத்துக்குள் திரும்பச் செய்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். திருந்த நினைப்பவனுக்குக் கதவு திறந்திருக்கிறது. 2002இல் எனக்கு இப்படி ஒரு கதவு இருந்திருந்தால் முன்னமே நுழைந்திருப்பேனா என்று கேட்டால், நேர்மையாகச் சொல்கிறேன், தெரியாது. அந்த அம்மா வந்து கேட்டதால்தான் போனேன்.

"எல்லாம் சரி, இத்தனையும் செஞ்சா சின்னப் பட்டறை தாங்குமா?" என்று டீ குடிக்கும்போது ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஜாப் ஒர்க் ரேட்டில் பைசா பைசாவாகப் பிடிப்பவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும். நான் செய்தது இதுதான்: கொட்டேஷன் போடும்போதே ஆள் செலவில் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., போனஸ், கிராஜுவிட்டி எல்லாவற்றையும் சேர்த்துப் போட ஆரம்பித்தேன். முதல் வருடம் இரண்டு பார்ட்டி விட்டுப் போனார்கள். உண்மை. ஒரு பார்ட்டி திரும்பி வந்தார், ஒருவர் வரவில்லை. ஆனால் ஆட்கள் போகவில்லை. பழகின கை நிலைத்து நின்றதால் ரிஜெக்ஷன் குறைந்தது. ஈ.எஸ்.ஐ. பாரமும் குறைந்தது, 2019 ஜூலை முதல் மொத்தம் ஆறரை சதவீதமாக இருந்தது நான்கு ஆயிற்று, அதில் முதலாளி பங்கு மூன்றேகால். ஒரு ஆள் கையைக் கொடுத்துவிட்டால் ஆகும் செலவை நினைத்துப் பாருங்கள், அந்த மூன்றேகால் எவ்வளவு மலிவு என்று தெரியும்.

இப்போது மாணவச் செல்வங்களுக்கு இரண்டு வார்த்தை. உங்களில் பலர் நாளைக்கு முதலாளி ஆவதற்கு முன் ஊழியர் ஆவீர்கள். வேலைக்குச் சேரும் அன்றைக்கே நியமனக் கடிதம் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. அதில் பதவி, சம்பளம், சேர்ந்த தேதி மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். பி.எஃப்.புக்கு ஒரே நிரந்தர எண் உண்டு. கம்பெனி மாறினாலும் அதே எண். மாதம் ஒரு முறை பாஸ்புக்கைத் திறந்து, பிடித்த பணம் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். வாரிசு நியமனத்தை முதல் வாரமே செய்யுங்கள். கல்யாணம் ஆனதும் மாற்றுங்கள். 25 வயதில் இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். அந்த டிரில்லிங் மெஷின்காரரும் 41 வயதில் அப்படித்தான் நினைத்திருப்பார்.

பைக்கில் சாப்பாடு கொண்டுபோகும் பிள்ளைகளும் இந்தக் கூட்டத்தில் இருப்பீர்கள். சாயங்காலம் ஓட்டி ஃபீஸ் கட்டுகிறீர்கள், தெரியும். செயலி வழி வேலை செய்பவர் என்று ஒரு வகையை மத்தியச் சட்டம் முதன்முதலாக 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில்தான் பெயர் சொல்லி எழுதியது. அந்த நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரை உங்கள் நலனுக்கு ஒதுக்கவேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. பதிவு செய்துகொள்ளுங்கள். பதிவு செய்தவருக்குத்தான் எதுவும் வரும். பெயர் இல்லாத கூலி எங்கே போய் முடியும் என்று இப்போதுதான் சொன்னேன்.

சாப்பாட்டு மணி அடிக்கப் போகிறது. செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துக்கொள்கிறேன்.

இன்றைக்கு என் பட்டறையில் 34 பேர். கம்ப்யூட்டரில் எல்லாம் என் மகன் பார்த்துக்கொள்கிறான். ஒரே ஒரு வேலையை மட்டும் நான் விடவில்லை. புது ஆள் சேர்ந்தால், அவன் மெஷினில் கை வைப்பதற்கு முன், பேர் என்ன, அப்பா பேர் என்ன, வீட்டில் யார் யார் என்று கேட்டு என் கையால் பதிவேட்டில் எழுதிவிடுவேன். அதற்குப் பிறகுதான் டீ. நீங்களும் நாளைக்குத் திங்கட்கிழமை உங்கள் கடையையோ பட்டறையையோ ஆபீஸையோ திறந்ததும் ஒரு வேலை செய்யுங்கள். உள்ளே நிற்கும் தலைகளை எண்ணுங்கள். பிறகு புத்தகத்தில் உள்ள பெயர்களை எண்ணுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்களுக்கு என் வணக்கம். குறைந்தால், மத்தியானத்துக்குள் எழுதிவிடுங்கள்.